பழவேற்காட்டில் வசந்திக்குப் பயமில்லை

போன சனிக்கிழமை பழவேற்காடு போனது மனைவியைப் பார்க்க. பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு வேறு பதிவுகள் நிறைய இருக்கின்றன. இது, மனநல சிகிச்சையில் இருக்கும் ஒருவரைப் பார்க்க அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு. இதை எழுத அவள் சம்மதித்துவிட்டாள், பெயரை மட்டும் வசந்தி என்று மாற்றியிருக்கிறேன்.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி லோக்கல் பிடித்துப் பொன்னேரியில் இறங்க வேண்டும். அங்கிருந்து பஸ்ஸில் பதினெட்டு கிலோமீட்டர். காலை ஏழு மணி வாக்கில் கிளம்பினால் பத்து மணிக்குள் சேர்ந்துவிடலாம். எனக்கு அனுப்பம்பட்டில்தான் உட்கார இடம் கிடைத்தது. அடுத்த ஸ்டேஷன் பொன்னேரி.

கையில் ஒரு காலிப் பை. இனி வீட்டிலிருந்தே மருந்து எடுக்கலாம், எப்போது வீட்டுக்கு வருவது என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள் என டாக்டர் சொல்லியிருந்தார். அன்றே அழைத்துவரும் எண்ணத்தில்தான் போனேன்.

முதலில் அவள் இருந்தது சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில். வைத்தியத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்த வார்டில் இரவெல்லாம் ட்யூப்லைட் எரியும். குளியலறைக்குத் தாழ்ப்பாள் கிடையாது. காரணம் புரிகிறது, இருந்தாலும் அவள் குளிக்கவே பயந்தாள். இரும்புக் கதவைச் சாத்தும் ஒவ்வொரு முறையும் உடம்பு தூக்கிப் போடும். பார்வையாளர் நேரம் முழுக்க என் கையை விடவே மாட்டாள். அவள் விரல்களைப் பிரித்துவிட்டுத்தான் கிளம்புவேன். அழுதுகொண்டேதான் பஸ் ஏறுவேன். அப்போதும், அவளுக்கு நான் வேண்டும் என்று மனசு ஓரத்தில் ஒரு நிறைவு இருந்தது.

அங்கிருந்து அவளை மாற்றியது பழவேற்காட்டில் ஏரியைப் பார்த்த ஒரு சின்ன மனநல இல்லத்துக்கு. நான் போனபோது வசந்தி பின்பக்கம் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கூட பரிமளா. இல்லத்தின் உதவியாளர், பசியாவரத்து மீனவக் குடும்பத்துப் பெண். வசந்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள், எழுந்திருக்கவில்லை.

"வாங்க சார். நீங்க வரீங்கன்னு அக்கா அப்பவே சொல்லிட்டாங்க" என்றாள் பரிமளா.

"எப்படித் தெரிஞ்சுது?" என்று வசந்தியிடம் கேட்டேன்.

"இப்ப உள்ள போனப்பதான் பார்த்தேன். என் கட்டில்லேர்ந்து பார்த்தா ரோட்டு முனை வரைக்கும் தெரியும். யார் வந்தாலும் முன்னாடியே தெரிஞ்சுடும். அங்க வார்டுல திடீர்னு தலைமாட்டுல வந்து நிப்பாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "குளிக்கிற ரூமுக்குத் தாழ்ப்பாள் இருக்குங்க. நான் போடறதில்ல. ஆனா இருக்கு."

முன்பு வீட்டில் நான் ராத்திரி முழுக்க முழித்திருந்து கொடுக்க முடியாத தைரியத்தை ஒரு ஜன்னலும் ஒரு தாழ்ப்பாளும் கொடுத்திருந்தன. சந்தோஷப்பட வேண்டும். எனக்குப் பொறாமையாக இருந்தது. பரிமளாவின் மேல் இன்னும் அதிகமாக. அவள் சொன்ன ஏதோ ஒன்றுக்கு வசந்தி வாய்விட்டுச் சிரித்தாள். என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்லைங்க" என்றாள்.

சாப்பிட்டுவிட்டு மூவரும் டச்சுக் கல்லறைக்கு நடந்தோம். வாசலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் நிற்கும். வசந்தி பயந்துவிடுவாளோ என்று அவள் பக்கத்திலேயே நடந்தேன். அவளோ கல்லில் செதுக்கிய எழுத்துகளை விரலால் தடவி, இத்தனை தூரம் வந்து இங்கே செத்துப்போனவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தாள்.

வெளியே வந்ததும் காவலாளி கேட்டை இழுத்துச் சாத்தினார். இரும்புச் சத்தம். வசந்தி அப்படியே நின்றாள். நான் கையை நீட்டினேன். அவள் திரும்பிப் பரிமளாவின் கையைப் பிடித்தாள்.

"இன்னாக்கா, கேட்டுதான். நாம வெளிய கீறோம் பாரு" என்றாள் பரிமளா. வசந்தியின் மூச்சு மெல்ல அடங்கியது.

"நான் பக்கத்துலதானே இருந்தேன்?" என்றேன். குரல் கசந்துதான் வந்தது. பரிமளா தானாகவே முன்னே நடந்துவிட்டாள்.

"உங்க கையைப் பிடிச்சா அந்த வார்டு ஞாபகம் வருதுங்க" என்றாள் வசந்தி. "அங்க பிடிச்சுக்க அது ஒண்ணுதான் இருந்துச்சு. உங்க மேல தப்பில்ல. இன்னும் ஒரு மாசம் இங்க இருக்கட்டுமா?"

நான் கேட்க வந்ததும் அதே விஷயம்தான், பதில்தான் வேறு. "இரு" என்றேன். பை காலியாகவே திரும்பியது.

அழைத்துப் போகிறவர்களுக்கு: ஒரு இடத்தைப் பார்க்கப் போனால் டாக்டர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். அனுமதி கேட்டு, உங்களவர் படுக்கப்போகும் கட்டிலில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். கதவு தெரிகிறதா, ராத்திரி எந்த விளக்கு எரியும், எந்தக் கதவு எப்படிச் சத்தம் போடும் என்று பாருங்கள். பொன்னேரிக்குக் கடைசி பஸ் வரை காத்திருக்காமல், ஐந்து மணிக்கெல்லாம் கிளம்பிவிடுங்கள். மதியத்துக்கு மீன் சாப்பாட்டுக் கடைகள் பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன.

வழியனுப்ப வந்தவர், பஸ் கிளம்பும் முன்பே கை காட்டிவிட்டுத் தானாகத் திரும்பி இல்லத்துக்கு நடந்துவிடலாம். வசந்தி அப்படித்தான் போனாள். வலிக்கும். பஸ் நகர்ந்த பிறகு வலிக்கட்டும்.