மூன்றாவது சர்வர்

திருவண்ணாமலைக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் சிஸ்டம் அட்மினாக வேலை பார்த்தேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். எங்கள் அறையில் இரண்டு சர்வர்கள் இருந்தன. இரண்டுக்கும் பொதுவாக ஒரே டிஸ்க். மாணவர்களின் ப்ராஜெக்ட் எல்லாம் அதில்தான். ஒன்று எழுதும் இடத்தில் இன்னொன்று கை வைக்காதபடி சர்வர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளும் என்று, அமைத்துக் கொடுத்த சென்னை எஞ்சினியர் சொல்லியிருந்தார். எனக்குப் புரிந்ததும் அவ்வளவுதான்.

ஒரு பௌர்ணமியன்று காலையில் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு இறுதியாண்டு மாணவர்களின் ஃபோல்டர் முதல் சர்வரில் தெரிந்தது, இரண்டாவதில் தெரியவில்லை. இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தேன். இருப்பது ஒரே டிஸ்க். ஒன்றின் கண்ணுக்குப் படுவது இன்னொன்றுக்கு எப்படிப் படாமல் போகும்?

துறைத் தலைவர் வந்து என் பின்னால் நின்றார்.

“பசங்க உயிரை எடுக்கறாங்க மேடம். இதுல எது நிஜம்?”

“தெரியல சார்.”

எஞ்சினியருக்கு போன் போட்டேன். “இன்னிக்கு கிரிவலக் கூட்டம் மேடம், பஸ்ல ஏறவே முடியாது. நான் சொல்றதைப் பண்ணுங்க. ரெண்டு சர்வர்லயும் டிஸ்க்கை அன்மவுண்ட் பண்ணிட்டு, ஒண்ணுல மட்டும் டிஸ்க்கை ரிப்பேர் பண்ற செக் கமாண்ட் போடுங்க. வேற சர்வர் டிஸ்க்கைப் பிடிச்சிட்டு இருக்கறப்ப ரிப்பேர் பண்ணீங்கன்னா மொத்தமும் போயிடும், பாத்துக்கங்க.”

இரண்டிலும் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு கமாண்டைத் தட்டினேன். முடியாது என்றது. டிஸ்க்கை சர்வர் எண் 2 பயன்படுத்திக்கொண்டிருக்கிறதாம்.

“ரெண்டாவது சர்வர் சரியா விடல போல” என்றார் துறைத் தலைவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. மறுபடி போய்ப் பார்த்தேன். அது டிஸ்க்கை எப்போதோ விட்டிருந்தது. திரும்பி வந்து கமாண்டைப் போட்டால் அதே பதில். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. சர்வர்களை எண்ணும் இந்தக் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது. எங்கள் சர்வர்கள் பூஜ்யமும் ஒன்றும். அப்படியானால் 2 என்பது?

“மூணாவதா?” துறைத் தலைவர் சிரித்தார். “நம்மகிட்ட ஏது மேடம் மூணாவது?”

எஞ்சினியரும் போனில் இரண்டுதான் வைத்ததாகச் சத்தியம் செய்தார். “கரண்ட் போனா சமயத்துல பொய்யா காட்டும். கமாண்டோட ஃபோர்ஸ்னு சேத்துக் குடுங்களேன், தடுத்தாலும் மீறி ஓடும்” என்றவர், கொஞ்சம் நிறுத்தி, “நிஜமாவே ஒண்ணு இருந்துதுன்னா என்னைக் கேக்காதீங்க” என்றார்.

தட்டியும் விட்டேன். என்டரை அழுத்தத்தான் கை வரவில்லை. அழித்துவிட்டு, எந்தெந்த சர்வர்கள் என்று எழுதி வைத்திருக்கும் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். மூன்றாவதாக ஒரு முகவரி இருந்தது. நெட்வொர்க்கில் அதைக் கூப்பிட்டுப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. இல்லாத ஒன்று ‘இருக்கேன்’ என்கிறது.

நெட்வொர்க் பெட்டியில் ஒவ்வொரு வயராகப் பிடுங்கிச் செருகினேன். நூலக வயரைப் பிடுங்கியபோது பதில் நின்றது.

இருவரும் நூலகத்துக்கு ஓடினோம். செய்தித்தாள் மேசைக்கு அடியில், பூப்போட்ட துணி போர்த்திய ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. திரையும் இல்லை, கீபோர்டும் இல்லை.

“இதுங்களா?” என்றார் நூலகர் அம்மா. “இன்ஸ்பெக்‌ஷன் அப்போ வச்சாங்க. அணைக்கக் கூடாதுன்னாங்க. நானும் அணைக்கல.”

துறைத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “மூணு சர்வர் இருக்குன்னு கணக்கு காட்டறதுக்கு... ஒரு நாளைக்குத்தான்னு வச்சது மேடம். நானே மறந்துட்டேன்.” அப்போது நான் பிரசவ விடுப்பில் இருந்தேன். அதை வைத்த லேப் உதவியாளர் வேலையை விட்டே போய்விட்டார்.

அதை முறையாக அணைத்துவிட்டு வந்து கமாண்டைப் போட்டேன். இந்த முறை வேலை செய்தது. கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. இந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை, விடுவிக்கட்டுமா? இந்த ஃபைலுக்குப் பெயர் இல்லை, தனியே எடுத்து வைக்கட்டுமா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன்.

“எதுக்கு ஆமாம் சொல்றோம்னு தெரியுதா மேடம்?”

“பாதி தெரியல சார்.”

முடிந்து டிஸ்க்கை மறுபடி மாட்டியபோது இரண்டு சர்வர்களிலும் ஒரே மாதிரி தெரிந்தது. ஃபோல்டர் இருந்தது, உள்ளே இருந்த ஃபைல்களில் பாதி பெயரை இழந்து, வெறும் எண்களாகத் தனி இடத்தில் கிடந்தன. மாணவர்கள் ஒவ்வொன்றாகத் திறந்து, “இது என்னுது”, “இது அவளுது” என்று பிரித்துக்கொண்டார்கள். அனேகமாக எல்லாமே கிடைத்துவிட்டன. கரண்ட் போனதில் அந்த மூன்று சர்வர்களும் தங்களுக்குள் என்ன பேசின, ஏன் பேச்சு முறிந்தது என்று எஞ்சினியர் பிறகு நேரில் வந்து விளக்கினார். தலையாட்டினேன்.

கடைசியில் யாரும் கேட்காத சில போட்டோக்கள் மிஞ்சின. யாரோ ஒருவருடைய கல்யாணம். மாலையும் கழுத்துமாக ஒரு பெண், பின்னால் மலை. கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கமிருந்து பார்த்தால் மலை அப்படித்தான் தெரியும் என்று ஒரு மாணவி சொன்னாள். ஆனால் அந்தப் பெண்ணை அவளுக்கும் தெரியவில்லை, அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. நூலகர் அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“டெலிட் பண்ணிடலாமே மேடம்” என்றார் துறைத் தலைவர்.

எனக்கு மனசு வரவில்லை. தனி ஃபோல்டர் போட்டு அதில் வைத்தேன். என்ன பெயர் வைப்பது என்றுதான் தெரியவில்லை. ‘கல்யாணம்’ என்று வைத்தேன்.