கார்டு போடாமல் போன நாள்

போன செவ்வாய்க்கிழமை பாளையங்கோட்டையில் பிடித்ததே ஒரு மழை! விரித்த குடை ஒரே காற்றில் திருப்பிக்கொண்டது. ஓடிப்போய் ஒதுங்கிய இடம், நண்பர் ஞானமுத்து ஹெட்மாஸ்டராக இருக்கும் பள்ளிக்கூடம்.

பேசாமல் நனைந்தே வீட்டுக்குப் போயிருக்கலாமோ என்று இன்னும் தோன்றுகிறது.

என் பிழைப்பு என்னவென்று புதிய வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலியில் ஒரு சின்ன சுதேசி மைக் கம்பெனிக்கு மானேஜர். எழுதுகிற மையை எப்படிக் காய்ச்சுவது, எந்தப் புட்டியில் அடைப்பது, யார் மேஜைக்குக் கொண்டுபோவது — எல்லாம் என் தலையில். அந்த வெள்ளிக்கிழமை முதலாளிக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. கம்பெனியைப் பெரிதாக்கலாமா, வேண்டாமா? நான் ‘ஆகட்டும்’ என்றால் ஆற்றுப் பாய்ச்சலில் இருக்கும் வயலை விற்றுவிடுவார். அவர் குடும்பத்துக்குச் சோறு போடுவதே அந்த வயல்தான்.

‘ஆகட்டும்’ என்று சொல்வதாகத்தான் இருந்தேன். ஏன் சொல்லக் கூடாது? பள்ளிக்கூடம், வக்கீல் ஆபீஸ், பஞ்சுக்கடை... போன இடமெல்லாம் எங்கள் புட்டி மேஜைமேல் இருந்ததே! மறு ஆர்டர் மட்டும் வரவில்லை. அது ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது.

சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தேன். ஞானமுத்து எழுதிக்கொண்டிருந்தார் — சீமை மையில். எங்கள் புட்டி? காற்றில் ஜன்னல் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க அதை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

“என்னவே இது... வாரதுக்கு முன்னாடி ஒரு கார்டு போடக் கூடாதா?”

எனக்குச் சுருக்கென்றது. நான் எங்கே போனாலும் முன்கூட்டியே தபால் கார்டு போட்டுவிட்டுத்தான் போவேன். மரியாதை இல்லையா? சம்பந்தி வருகிறார் என்றால் அவர் வீட்டுச் சீர்ச் செம்பைப் பரணிலிருந்து இறக்கி, விளக்கி, முன்னால் வைப்போமே... அந்த மாதிரி என் கார்டு கண்டதும் எங்கள் புட்டி மேஜைக்கு ஏறியிருக்கிறது. உபசாரத்தைப் பார்த்துவிட்டு வியாபாரம் என்று நினைத்திருக்கிறேன்!

“மையில என்ன குறை? சொல்லும்வே.”

“இந்த ஈரத்துல காயவே மாட்டேங்கு. தாளத் திருப்புனா அடுத்த பக்கத்துல அப்பிருது.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“எப்படிவே சொல்ல? கேக்கும்போது உம்ம மொகத்த நீரு பாத்ததில்ல. பேறுகால வீட்டு வாசல்ல நிக்குத மாதிரில்லா நிக்கீரு! நல்லா இல்லன்னு சொல்ல யாருக்கு மனசு வரும்?”

மழை விட்டது. ஆற்றுப் பாலத்தில் நடந்து வந்தேன். கீழே தண்ணீர் செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது. ஏன் ஒரு நாள்கூடச் சொல்லாமல் போய்ப் பார்க்கவில்லை? மரியாதைதான் காரணமா? இல்லை. உண்மையைப் பார்த்துவிடுவேனோ என்ற பயம். தினம் ஜெபத்தில் என்னை நானே சோதித்துப் பார்க்கிற ஆள்தான் நான். பொய் சொன்னேனா என்று கேட்டுக்கொள்வேன். பொய்யைக் கேட்க ஆசைப்பட்டேனா என்று மட்டும் கேட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் கார்டு போடாமலே வக்கீல் ஆபீசுக்குப் போனேன். எங்கள் புட்டியைக் குமாஸ்தா தேடினார், தேடினார்... கிடைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மையை உருவாக்கியவனே மை சரியில்லை என்றால் அப்புறம் மானேஜர் எதற்கு? வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? ‘ஆகட்டும்’ என்றால் இன்றைக்கு நான் தப்பிப்பேன். ஆனால் அந்த வயல்?

“என்னவே, பெரிசாப் போட்டுருவோமா?” என்றார் முதலாளி.

“வேண்டாம் முதலாளி. மழைக்காலத்துல மை காயல. போன எடத்துல எல்லாம் ஒப்புக்குத்தான் நல்லாருக்குன்னு சொல்லியிருக்காங்க. நான் அத நம்பிட்டேன். வயல விக்காதீங்க.”

அவர் பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

“காயாதுன்னு எனக்கும் தெரியும்வே. நான் எழுதுன காயிதமெல்லாம் அப்பித்தான் போச்சு.”

“பின்ன ஏன் முதலாளி வயல விக்க ஒத்துக்கிட்டீங்க?”

“பாடுபட்டுச் செய்யுதீரு... உம்ம மனசு நோகக் கூடாதேன்னுதான்.”

என் மனம் நோகாமல் இருக்க ஒரு குடும்பம் தன் சோற்றுப் பானையைக் கவிழ்க்க இருந்திருக்கிறது! மையைத் திரும்பக் காய்ச்சிப் பார்க்கச் சொன்னார். வேலை தப்பியது. படபடப்பு மட்டும் இன்னும் அடங்கவில்லை.

அது இருக்கட்டும்... ‘இந்த வாரப் பத்தி பேஷ், பேஷ்!’ என்று விடாமல் எழுதிப் போடுகிறீர்களே வாசகர்களே — நிஜமாகத்தானா?