கழுத்தில் ஒயர் வைத்த கல்யாணப் பொண்ணு

பழைய ஜப்பான் அனிமேஷன் படத்தை எவனாவது நெச ஆளுகளை வச்சுத் திரும்ப எடுத்தா, மொத நாளே போய்ப் பாத்து வயிறெரிஞ்சு திரும்புறவ நான். கார்ட்டூன்னு சொன்னீங்கன்னா அதுக்குத் தனியாக் கோவம் வரும்.

காலேஜ் ஹாஸ்டல்ல லேப்டாப்ல பாத்த படம் ஒண்ணு. மழை விடாத நகரம். உடம்பெல்லாம் மெஷினா ஆகிப்போன பொண்ணு, பின்கழுத்துல ஒயர். கடைசி வரைக்கும் சிரிக்கவே மாட்டா. "பொம்பளப் புள்ள சிரிச்ச மூஞ்சியா இருக்கணும்"னு கேட்டே வளந்தவளுக்கு அந்த மூஞ்சி எவ்வளவு பெரிய ஆறுதல் தெரியுமா?

எனக்கு நிச்சயம் முடிஞ்ச கையோட அதோட நெசப் படம் தமிழ் பேசிக்கிட்டு புதுக்கோட்டைக்கு வந்துச்சு. மாப்பிள்ளையக் கூட்டிட்டுப் போனேன். பாவிக! அவளுக்கு ஒரு அம்மாவைக் குடுத்து, அழ விட்டு, கடைசியில பல்லைக் காட்ட வச்சிட்டாங்க. தியேட்டர் வாசல்ல நான் கத்துன கத்துல பாப்கார்ன் விக்கிறவர் தள்ளுவண்டியத் தள்ளி நிறுத்திக்கிட்டாரு. இவரு மட்டும், "விடுங்க, நம்ம கல்யாணப் போட்டோவுல நாமளே ஒழுங்கா எடுத்துருவோம்"னாரு. கட்டுனா இவரைத்தான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன்.

எடுத்தோம். நகரத்துக்கு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் செல்போன் கடை வரிசை, மழைக்குத் தண்ணி லாரி. ரெண்டு பேரு கழுத்துலயும் பழைய சார்ஜர் ஒயரை டேப் போட்டு ஒட்டுனாக. கேமராக்கார அண்ணன், "லேசாச் சிரிங்கம்மா"ன்னு கெஞ்சிப் பாத்தாரு. ம்ஹூம். கடுப்புல என் படத்தை மட்டும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போட்டுட்டாரு.

அதைப் பாத்துட்டு மறுநாள் காலையில மாப்பிள்ளையோட அம்மா வந்து எறங்குனாக, கையில சாத்துக்குடியும் ரொட்டியும்.

"கிட்னி கெட்டா டயாலிசிஸ் பண்ணத்தான் கழுத்துல ஒயர் போடுவாக. எங்க அண்ணனுக்கும் போட்டாக. இப்படி மறைச்சுட்டீகளே! மொதல்ல ஒடம்பு தேறட்டும், கல்யாணத்தைப் பெறகு பாப்போம்."

எங்கம்மா அப்படியே உக்காந்துட்டாக. "படத்துக்கு ஒட்டுனது அத்தை, பாருங்க"ன்னு சடையத் தூக்கிக் காட்டுனேன். டேப் ஒட்டுன எடம் பூரா செவந்து தடிச்சுக் கெடக்கு. "அய்யய்யோ, காயமே ஆறலையே!"ன்னு அவுக அழ ஆரம்பிச்சுட்டாக.

மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன். அன்னவாசல்ல வேலையில இருந்தவரு பைக்குல பறந்து வந்தாரு. அம்மா முன்னாடி திரும்பி உக்காந்து சட்டைக் காலரை எறக்குனாரு. அதே எடத்துல, அதே தடிப்பு.

"எனக்கும் கிட்னி போயிருச்சாம்மா?"

அத்தை ரெண்டு கழுத்தையும் மாத்தி மாத்தித் தடவிப் பாத்தாக. அப்பறமா சாத்துக்குடிய உரிச்சு எங்கம்மா கையில குடுத்தாக. கல்யாணம் உறுதியாச்சு, ஒரே ஒரு நிபந்தனையோட: போட்டோவத் திரும்ப எடுக்கணும், கழுத்து மறையப் பூ வைக்கணும், நான் சிரிக்கணும்.

இப்ப மண்டப வாசல்ல இருபதடி பிளெக்ஸ்ல பல்லெல்லாம் தெரிய நிக்கிறேன். அந்த நெசப் படத்துல பல்லைக் காட்டுன நடிகைய அன்னிக்குத் தியேட்டர் வாசல்ல என்ன பேச்சுப் பேசினேன்! பாவம், அவளுக்கும் எதுத்தாப்புல சாத்துக்குடியோட யாராவது நின்னுருப்பாக.