மாமா பேட்டண்ட் வாங்கப் போனது

ஆம்பூரில் பேட்டண்ட் என்றால் அது ஒரு தோல். கண்ணாடி ஒட்டினாற்போல் மின்னும் கறுப்புத் தோல். ஷூவாகவே சீமையிலிருந்து வந்து இறங்கும். எங்களூர் தோல் ஷாப்புகளில், அதாவது பதனிடும் தொழிற்சாலைகளில், ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறி வெளியே வரும் தோலுக்கு மின்னத் தெரியாது. பழுப்பாக, பேசாமல் கப்பலேறிப் போய்விடும். பேட்டண்ட் என்ற சொல்லை எங்களூர்க்காரர்கள் கொஞ்சம் பெருமூச்சு கலந்துதான் சொல்வார்கள்.

எனக்கு அந்தப் பெருமூச்சு ஏழு வயதில் வந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனையில் மிஷன் துரைசாணியின் மகள் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாயில் உட்கார்ந்திருந்த என் கண்ணுக்கு நேராக அவளுடைய பேட்டண்ட் ஷூ. அதன் மூக்கில் சர்ச்சின் ஜன்னல் குட்டியாக, வளைந்து தெரிந்தது. பிரசங்கம் முடியும்வரை தலை நிமிராமல் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைப் பக்தி என்று நினைத்து அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டாள்.

அப்படியிருக்க, ஒருநாள் சாப்பிடும்போது மாமா, “அக்கா, நான் பேட்டண்ட் வாங்கப் போறேன்” என்றார். என் கையிலிருந்த சோறு கையிலேயே நின்றது. யாருக்கு என்று நான் கேட்கவில்லை. தம்பி தூளியில் கிடந்தான். வீட்டில் ஷூ போடுகிற வயதில் என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மாமா அம்மாவின் தம்பி. கல்யாணமாகாதவர்; எங்களோடுதான் இருந்தார். அப்பா குமாஸ்தாவாக இருந்த அதே தோல் ஷாப்பில் அவர் ஆயில் இன்ஜின் பார்க்கும் பிட்டர். அங்கே பட்டைச் சாறு நிறைந்த குழிகளில் ஆட்கள் இடுப்பளவு இறங்கி நின்று, ஊறும் தோல்களைக் கையால் புரட்டிப் போடுவார்கள். புரட்டாவிட்டால் சாறு ஒரு பக்கம் ஏறும், மறுபக்கம் ஏறாது. மாமாவின் அப்பா அப்படி நின்று நின்றே நடை போனவர். மாமாவின் யோசனை இதுதான்: தோல்களைச் சட்டத்தில் கொக்கி போட்டுக் குழிக்குள் தொங்கவிட வேண்டும், இன்ஜின் அந்தச் சட்டத்தை மெல்ல ஆட்டும், எவனும் குழியில் இறங்க வேண்டாம்.

யோசனை வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். தம்பியின் தூளிக் கயிற்றை என் கால் பெருவிரலில் கட்டிக்கொண்டு, கைகளை வேர்க்கடலைக்கு ஒதுக்கிவிட்டு நான் உட்கார்ந்திருந்ததை மாமா வெகுநேரம் நின்று பார்த்தார். ஆக, அந்தக் கண்டுபிடிப்பில் என் பெருவிரலுக்கும் பங்கு உண்டு. எந்த சர்க்காரும் அதை இதுவரை அங்கீகரிக்கவில்லை.

அம்மா துணி ஊறவைக்கும் தொட்டியில் மாமா அதற்கு ஒரு சின்ன மாதிரி செய்து பார்த்தார். ஆட்டுத்தோல் துண்டுகள் அதில் வரிசையாகத் தொங்கி ஆடின. அப்பா வந்து பார்த்துவிட்டு, “மச்சான், தோலுக்குத் தாலாட்டும் நீயே பாடுவியா, இல்ல அதுக்கும் ஒரு மிஷின் இருக்குதா?” என்றார். மாமா சிரிக்காமல், “நீங்க பாடுங்க மாமா, தோலு சீக்கிரம் செத்துப் பதமாயிடும்” என்றார்.

தோல் ஷாப்பு முதலாளி மட்டும் கேலி செய்யவில்லை. “பேட்டண்ட் கையில வரட்டும். மொதல்ல நம்ம ஷாப்புலயே வெப்போம். அது இல்லாம இரும்புல காசு போட மாட்டேன்” என்றுவிட்டார். குழியில் நின்றவர்களுக்குப் பாதிச் செய்திதான் எட்டியது. “இன்னாப்பா, பேட்டண்ட் போடப் போறியாமே? நம்ம பட்டையில அந்தப் பளபளப்பு வருமா?” என்று ஒருவர் கேட்டாராம்.

“அது தோலு இல்லண்ணா. இத நான்தான் மொதல்ல யோசிச்சேன்னு சர்க்கார் எழுதிக் குடுக்கறது.”

“யோசிச்சதுக்கு எதுக்குப்பா கடுதாசி?”

அதோடு மாமா விளக்குவதை விட்டுவிட்டார். அவர் விளக்கிக்கொண்டிருந்த நாட்களில் நான் அருகில் இல்லை என்பதுதான் என் விதி.

வேலூரில் ஒரு வக்கீல் அவருக்கு வழி சொன்னார். கல்கத்தாவிலிருக்கும் பேட்டண்ட் ஆபீசுக்கு மனுப் போடுமுன், வேறு யாராவது இதை ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று தேட வேண்டுமாம். மாமா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னது இப்படி: “மெட்ராசுல ஒரு சர்க்கார் கட்டடத்துல எல்லா பேட்டண்ட்டையும் அடுக்கி வச்சிருக்காங்களாம்க்கா. யாரு வேணா போயி ஒவ்வொண்ணா எடுத்துப் பாக்கலாமாம்.”

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தரையிலிருந்து கூரைவரை அலமாரி, அலமாரி நிறைய ஜோடி ஜோடியாக ஷூ, ஒவ்வொரு மூக்கிலும் ஒரு குட்டி ஜன்னல்.

ஒரே ஒரு கவலை. மாமா என் கால் அளவை எடுக்காமலே கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் மறித்து, “அளவு வேணாவா மாமா?” என்றேன். “பேட்டண்ட்டுக்கு ஏதுடி அளவு?” என்று என் தலையைத் தடவிவிட்டு ரயிலுக்குப் போனார். மெட்ராஸ் சரக்கு அப்படித்தான் இருக்கும் போல என்று தேற்றிக்கொண்டேன். அவர் திரும்பும்வரை குதிகாலில் விளக்கெண்ணெய் தடவினேன்; சேற்றில் இறங்கவில்லை; ரயில் கூவும்போதெல்லாம் தெருமுனைக்கு ஓடினேன்.

ஒரு சாயங்காலம் மாமா வந்தார். கையில் போகும்போது கொண்டுபோன பைதான். அதுவும் இளைத்திருந்தது.

“இன்னா மச்சான், கெடச்சுதா?” என்றார் அப்பா.

“வேற ஒருத்தன் வாங்கிட்டான் மாமா.”

நான்தான் கேட்டேன்: “அங்க ஒண்ணுதான் இருந்துச்சா மாமா?”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். “ஆமாம்மா. ஒண்ணுதான் இருந்துச்சு.”

பிறகு அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து தரையில் வரைய ஆரம்பித்தார். “இங்கிலீசு பாதி புரியல. படத்தப் பாத்தேன். இதே சட்டம், இதே கொக்கி. ஆட்டம் ஜாஸ்தியானா தோலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்குதேன்னு நடுவுல நான் ஒரு குச்சி வச்சேன் பாருங்க, அவனும் வச்சிருக்கான்க்கா. அதே எடத்துல.”

“உன்னப் பாத்து அடிச்சிட்டானாடா?” என்றாள் அம்மா.

“நான் பொறக்கறதுக்கு முன்னாடியே பண்ணிட்டான்க்கா. சீமையில ஏதோ ஒரு ஊரு. அவனும் தோல்காரன்தான்.”

“அப்ப நீதான் அவனப் பாத்து...” என்று அப்பா தொடங்கினார். அம்மா பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிவிட்டார்.

மாமா வரைந்துகொண்டே இருந்தார். “அவனும் மொதல்ல கயிறு கட்டிப் பாத்திருப்பான். அறுந்திருக்கும். அவன் வூட்லயும் சிரிச்சிருப்பாங்க. உயிரோட இருந்தான்னா போயி ஒரு தடவ பாத்துட்டு வந்துடுவேன்க்கா. பாஷை தெரியாட்டி இன்னா, குழியாண்ட ரெண்டு பேரும் நின்னாப் போதும்.”

அவ்வளவு ஆசையாக மாமா யாரைப் பற்றியும் பேசி நான் கேட்டதில்லை. என் ஷூவை அபகரித்தவனிடம் இவருக்கு என்ன இத்தனை பாசம் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாப்பாட்டுக்கு முன் ஜெபம். அப்பா அன்று வழக்கத்துக்கு மாறாகச் சுருக்கமாக முடித்துவிட்டு, அவரவர் மனதில் உள்ளதைக் கேளுங்கள் என்றார். நான் கண்களை இறுக மூடிக்கொண்டு, ஆண்டவரே, அந்தச் சீமைக்காரனை ஷூ கடிக்கட்டும், இரண்டு காலிலும் கடிக்கட்டும் என்று உருக்கமாக வேண்டிக்கொண்டேன்.

ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் மாமா இன்னும் திறக்கவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது, இமையோரம் ஈரமாக இருந்தது. என்னைவிடக் கடுமையாக ஏதோ கேட்கிறார் என்று நினைத்து, திருப்தியாகச் சோற்றில் கை வைத்தேன்.