பாலத்துக்கு முந்தைய சிக்னல்

என் காருக்குப் புது ரிம் வாங்கிய அன்றே ஜார்ஜ்டவுன் டயர் கடைக்காரர் எச்சரித்தார். "அண்ணே, உங்க பழைய நட்டுக்கு அடி உருண்டை. இந்த ரிம்முல கூம்பு நட்டுதான் சரியா உட்காரும்."

"நட்டுன்னா நட்டுதான்லா. மரையில ஏறுதில்ல?" என்றேன். அவர் மாட்ட மறுத்ததால், வீட்டில் நானே பழைய நட்டுகளைப் போட்டு முடுக்கினேன்.

மூன்றாம் நாள் காலை, மகளைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து, கடலுக்கு அக்கரையில் பாகான் டாலாமில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன். பாலத்துக்கு முந்தைய சிக்னலில், தொழிற்சாலைச் சீருடையில் மோட்டார் சைக்கிளில் வந்த பெண் ஒருவர் என் கார்க் கண்ணாடியைத் தட்டினார்.

"அண்ணே, பின் சக்கரம் ஆடுது. பிள்ளைய வச்சிக்கிட்டுப் பாலத்துல ஏறிடாதீங்க."

ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். மகள் இருந்த பக்கத்துச் சக்கரத்தில் ஒரு நட்டைக் காணோம். மற்ற மூன்றும் விரலால் தொட்டதுமே சுழன்றன. நிமிர்ந்தபோது அந்தப் பெண் வேலைக்குப் போய்விட்டிருந்தார்.

அழைத்ததும் கடைக்காரர் கூம்பு நட்டுகளோடு வந்தார். "நட்டுன்னா நட்டுதானே அண்ணே?" என்று கேட்டுக்கொண்டே மாட்டினார்.

இப்போது சிக்னலில் நின்றால் பக்கத்துக் கார்ச் சக்கரங்களைப் பார்க்கிறேன். போன வாரம் சக்கரத்தில் ஒரு நட்டு இல்லாததைக் கண்டு ஒருவருடைய கார்க் கண்ணாடியைத் தட்டினேன். முதலில் முறைத்தார். இறங்கிப் பார்த்தபின் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லாத நன்றியை எனக்கு யாரோ சொன்னதுபோல இருந்தது.