மூன்று கால் காவல்காரன்

கம்பெனியில் அவனுக்கு வைத்த பெயர் சந்தேகம். லிஃப்ட்டுகளுக்கு மூளை செய்து விற்கும் சின்னக் கம்பெனி அது. அந்தச் சர்க்யூட் போர்டுகளை வடிவமைப்பது அவன் வேலை. புது போர்டு ஓட ஆரம்பித்ததும் மற்றவர்கள் கைதட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். இவன் மட்டும் வோல்டேஜ் திருகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். மெல்ல மெல்லக் குறைத்து, போர்டு திணறுவதைக் கண்கொட்டாமல் பார்ப்பான்.

"ஏம்ப்பா, அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்பார் பக்கத்து மேசைக்காரர்.

"கரன்ட் இருந்தா ஒழுங்கா வேலை செய்யும். இல்லன்னா பேசாம படுத்துக்கும். இந்த ரெண்டுங்கெட்டான் நேரத்துலதான் சார் எல்லாத்தையும் குட்டிச்சுவராக்கும்."

அவன் சொன்னது உண்மைதான். வோல்டேஜ் அரைகுறையாக வரும்போது பிராசஸருக்குப் புத்தி பேதலித்துவிடும். ஒன்றை இன்னொன்றாகப் படிக்கும்; கேட்காத கட்டளைக்குக் கீழ்ப்படியும். தனக்குப் புத்தி பேதலித்திருப்பது மட்டும் அதற்குத் தெரியாது. இந்த விஷயத்தில் அது மனிதர்களைவிட மோசமில்லை. அதனால் ஒவ்வொரு போர்டிலும் மிளகைவிடச் சிறிய ஒரு மூன்று கால் சிப்பைக் காவலுக்கு வைப்பான். வோல்டேஜையே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் பிழைப்பு. அளவுக்குக் கீழே இறங்கினால் பிராசஸரை ரீசெட்டில் போட்டு அமுக்கி உட்காரவைத்துவிடும். வோல்டேஜ் திரும்பி வந்தாலும் உடனே நம்பாது. நிலையாக நிற்கிறதா என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத்தான் விடும். அச்சு அசல் தன்னைப் போலவே ஒரு ஜீவன் என்று அவனுக்கு அதன்மேல் தனிப் பாசம்.

இப்படிப்பட்டவன் முன்பின் யோசிக்காமல் விழுந்தது ஒரே இடத்தில்தான், ஒரு பெண்ணிடம். அவள் ரேடியோவில் போக்குவரத்து நிலவரம் சொல்பவள். மைக் இல்லாவிட்டாலும் வாய் ஓயாது. அவள் வீடு ஐந்தாவது மாடியில். அந்தக் கட்டடத்து லிஃப்ட்டில் இருப்பதோ, சனி பிடித்தாற்போல, இவன் செய்த போர்டு.

அங்கே கீழ்த்தளத்தில் ஒரு லாண்டரி இருந்தது. அவர்களுடைய ராட்சச மெஷின் சுழல ஆரம்பித்தால் கட்டடம் முழுக்க விளக்கு மங்கும். காவல்காரன் தன் கடமையைச் செய்வான். லிஃப்ட் நடுவழியில் நிற்கும். சற்றுப் பொறுத்து மீண்டும் கிளம்பும். குடியிருப்பவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதிகம் திட்டியது அவளுடைய அம்மா. "இதைச் செஞ்சவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்" என்பார். அவர் பெரிய ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைமை நர்ஸ். கையில் கிடைத்தவர்கள் யாரும் அவ்வளவு எளிதில் தப்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவன் பெண் கேட்கப் போக வேண்டும். அம்மா டியூட்டி முடிந்து அந்த நேரத்துக்குத்தான் வருவார். லாண்டரியில் கூட்டம் நெரியும் நேரமும் அதுவே. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டு கொதித்தபடி வந்து இறங்குகிறவரிடம் என்னவென்று கேட்பது? ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவன், காலையிலேயே மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போய், சிப்பின் ரீசெட் காலைச் சூடுவைத்துப் பிரித்துவிட்டான். ஒரு நாளைக்குத்தானே!

மாலையில் ஐந்தாவது மாடியில் அவனும் அவளும் லிஃப்ட் வாசலில் காத்திருந்தார்கள். அம்மா கீழ்த்தளத்தில் ஏறினார். விளக்கு மங்கியது. லிஃப்ட் நிற்கவில்லை. அவனுக்கு வாயெல்லாம் பல்.

நிற்கவே இல்லை என்பதுதான் சிக்கல். ஐந்தைத் தாண்டி மேலே போனது. கதவில் இருந்த கண்ணாடித் துண்டில் அம்மாவின் முகம் ஒருமுறை தெரிந்து மறைந்தது. பிறகு கீழே போனது. முகம் மறுபடி தெரிந்தது, இம்முறை கொஞ்சம் சிவந்து. ஆறு மாடிக் கட்டடத்தில் எண் விளக்கு எட்டு என்று காட்டியது. பிரேக்கும் கதவும் தனி ஏற்பாடு என்பதால் உயிருக்குப் பயமில்லை. ஆனால் அதை உள்ளே இருப்பவருக்கு யார் சொல்வது?

"அம்மா எங்க போறாங்க?" என்றாள் அவள். அவள் பேசியதிலேயே சின்ன வாக்கியம் அது.

அவன் தலைதெறிக்க மொட்டைமாடிக்கு ஓடி மெயினை அணைத்தான். கையாலேயே சக்கரத்தைச் சுற்றி லிஃப்ட்டை ஐந்தாவது மாடிக்குக் கொண்டுவந்து, இறங்கி வந்து கதவைத் திறந்தான். அம்மா பையைக் கீழே விடாமல் வெளியே வந்தார்.

"யாரு தம்பி நீ?"

பொய் சொல்லியிருக்கலாம். லாண்டரியின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கண்களைப் பார்த்ததும் அவனுக்கு எல்லாமே தன்னால் வெளியே வந்தது: போர்டு, சிப், பிரித்த கால், அவர் மகள்.

"நிறுத்துனா நான் திட்டுவேன்னு, நிறுத்துறதையே கழட்டிட்ட?"

"ஆமாம்மா."

"என் வார்டுல ஒரு நர்ஸ், சத்தம் தொந்தரவா இருக்குன்னு மானிட்டர் அலாரத்தை அணைச்சா. அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன்." பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நாளைக்கு என் பொண்ணு ஏதாவது சரியில்லன்னு சொன்னா, அவ வாயையும் இப்படித்தான் அடைப்பியா?"

இந்தக் கேள்வியைத் தானே தன்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"இன்னைக்குப் பயத்துல செஞ்சேம்மா. தப்பு. இனிமே என்னைத் திட்டுனாலும் கேட்டுக்கறேன். அவங்க சொன்னாலும், நீங்க சொன்னாலும்."

"லாண்டரிக்காரர்கிட்ட ஒருதடவையாவது பேசினியா? அந்த மெஷினுக்குத் தனி லைன் இழுக்கச் சொன்னியா?"

பேசியதில்லை. வோல்டேஜோடு மணிக்கணக்காகப் பழகியவன், மனிதரிடம் ஒரு வார்த்தை பேசத் தயங்கியிருந்தான்.

"முதல்ல காலை ஒட்டு. அப்புறம் கீழ போய் அவர்கிட்டப் பேசலாம், நானும் வர்றேன். டீயெல்லாம் பிறகு."

அவர் பக்கத்தில் நின்று பார்க்க, அவன் ஈயம் வைத்து ஒட்டினான். மெயினைப் போட்டுவிட்டு, அவளை வீட்டில் விட்டு, இருவரும் படியிறங்கிப் போனார்கள். தலைமை நர்ஸ் பேசிய விதத்தில், அந்த வாரமே தனி லைன் இழுப்பதாக லாண்டரிக்காரர் சத்தியம் செய்தார். பிறகு, மறுக்க மறுக்க, அம்மா அவனையும் லிஃப்ட்டுக்குள் ஏற்றினார். இரண்டாம் மாடி தாண்டியதும் விளக்கு மங்கியது; லிஃப்ட் நின்றது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அம்மா திட்டவில்லை. வோல்டேஜ் நிமிர்ந்தது, காவல்காரன் பொறுத்துப் பார்த்துவிட்டு வழிவிட்டான், லிஃப்ட் கிளம்பியது.

உடனே அம்மா கையை நீட்டி, சிவப்பு ஸ்டாப் பொத்தானை அழுத்தினார்.

"மேல போயிட்டா அவ நம்மளப் பேச விடமாட்டா. கல்யாணத்தை எப்ப வெச்சுக்கலாம், சொல்லுங்க மாப்பிள்ளை."