அந்தமானில் வெயில்

தொலைபேசிக் கடையின் ரிசீவரில் எப்போதும் முகப்பவுடரும் வியர்வையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். வேதாரண்யம் கடைத்தெருவில் இருந்த அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நானும் அம்மாவும் நெருக்கிக்கொண்டு நிற்போம். அந்தமானில் தீவுக்குத் தீவு ஆள் ஏற்றிப் போகும் படகில் வேலை பார்த்த அப்பா அந்த நேரத்துக்குத்தான் கூப்பிடுவார்.

எனக்கென்று அவர் ஒதுக்கும் இரண்டு நிமிடத்தில் தீவுகளைப் பற்றிச் சொல்வார். நூற்றுக்கணக்கில் வரிசை கட்டி நிற்கும் தீவுகளில் பெரும்பாலானவற்றில் மரங்களைத் தவிர யாரும் இல்லை என்பார். சில காடுகளில் வெளியாள் வாடையே வேண்டாம் என்று வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள், நிக்கோபார்க்காரர்களுக்குத் தென்னையும் பன்றியும்தான் சொத்து, வங்காளிகள் நம்மைப் போலவே நெல் நடுகிறார்கள், தமிழனும் தெலுங்கனும் ராஞ்சிக்காரனும் சந்தையில் இந்தியில்தான் சண்டை போடுகிறார்கள் என்பார். அங்கே ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடுமாம். எங்களுக்கு முன்னால் அப்பா எழுந்துவிடுகிறார் என்பதில் எனக்கு ஏனோ ஒரு பெருமை.

எங்கள் ஊருக்கு அந்தமான் என்றால் வேறு அர்த்தம். "புயலுக்குப் பொறந்த வீடு அந்தமான், புகுந்த வீடு வேதாரண்யம்" என்பார் பக்கத்து உப்பளத்து மாரியப்பன் மாமா. ஐப்பசி பிறந்தால் அளத்துக்காரர்கள் எல்லோரும் குவித்து வைத்த உப்பு அம்பாரத்தைத் தென்னங்கீத்து போட்டு மூடிவிடுவார்கள்.

அந்த வருடம் அம்மா குத்தகைக்கு எடுத்த அளத்தில் உப்பு நன்றாக விளைந்திருந்தது. அது நல்லபடியாகப் போய்விட்டால் பொங்கலோடு ஊருக்கே வந்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். உப்பை ஏற்றிப் போகப் புதன்கிழமை லாரி வருவதாக இருந்தது. அந்தமான் அருகே காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோ சொன்னதும் மாமா தன் அம்பாரத்தை மூடிவிட்டார். அம்மா ஞாயிறு வரை பொறுத்து அப்பாவிடமே கேட்டாள்.

"இங்க சுள்ளுனு வெயில் அடிக்குது. மூடிட்டு, லாரி வந்ததும் பிரிக்கிறது ரெண்டு வேலை" என்றார் அப்பா.

"அவரு அங்கயே நின்னு சொல்றாரு, ரேடியோவா பெருசு?" என்று அம்மா அம்பாரத்தைத் திறந்தே விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் இறங்கிய மழையில் ஆளுயர அம்பாரம் என் முழங்கால் அளவுக்குக் கரைந்தது. வரப்பில் நின்ற மாமா, "புயல் பொண்ணு கெளம்பிட்டா பொறந்த வீடு வெறிச்சோடித்தானே கெடக்கும், தங்கச்சி?" என்றார். எனக்கு அப்பாமேல் ஆத்திரமாக வந்தது. அடுத்த ஞாயிறு அவரிடம் எல்லாவற்றையும் கேட்டுவிடுவது என்றிருந்தேன். ஆனால் கூண்டுக்குள் அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மூடறதுக்கு ஆள் கெடைக்கலைங்க" என்றாள். அப்பா வர இன்னும் நான்கு வருடம் ஆயிற்று.

இப்போது அந்தக் கண்ணாடிக் கூண்டு இல்லை, அந்த இடத்தில் செல்போனுக்கு உறை விற்கிறார்கள். அம்பாரங்களின் மேல் தார்ப்பாய் வந்துவிட்டது. மாமா இல்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செல்போனில் ஊர் ஊராக வானிலை பார்க்கிறார்.

போன வாரம் நான் போயிருந்தபோது, "அந்தமான்ல நல்ல வெயிலாம்" என்று படித்துச் சொன்னார். அம்மா எழுந்து போய்க் கொடியில் கிடந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

"இன்னும் காயலையே, ஏன் எடுக்கிற?" என்றார் அப்பா.